நீவும் முன் அளந்து பாருங்கள்

பழவேற்காட்டு ஏரியோரக் குப்பங்களுக்கு வீடு தேடிவரும் இயன்முறைச் சிகிச்சைத் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே எண்ணெய் சூடாகத் தொடங்கிவிடும். லைட் ஹவுஸ் குப்பமோ கோட்டைக்குப்பமோ, எந்த வீடானாலும் இதே கதைதான். "பிசியோ வந்தாச்சு, காலை நீட்டு" என்று மருமகள் குரல் கொடுப்பாள். கிண்ணத்தில் நல்லெண்ணெய் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரும். நீங்கள் காலை மடக்கச் சொல்வதும் நீட்டச் சொல்வதும் அவர்களுக்குப் பள்ளிக்கூட டிரில் மாதிரி. கை வைத்துத் தேய்த்தால்தான் நீங்கள் வந்ததற்கு அர்த்தம். அந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

வீங்கிய காலை, ஏன் வீங்கியது என்று தெரியாமல், நீவாதீர்கள். இதைச் சொல்ல ஒரு மடலா என்று கேட்பீர்கள். நாலரை வருஷம் படித்தவர்களுக்கு ஆழ்சிரை ரத்த உறைவு தெரியாதா, டி.வி.டி. என்று முதல் வருஷமே எழுதிப் பார்த்தோமே என்பீர்கள். எனக்கும் தெரியும்தான். தெரிந்திருந்தும் தேய்த்தேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. படகைக் கரையேற்றும்போது வழுக்கி, கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தவர் ஒருவர் என்னிடம் வந்தார். கட்டுப் பிரித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கெண்டைக்கால் பளபளவென்று இருந்தது. தொட்டால் சுட்டது. கட்டுப் பிரித்தால் கால் வீங்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். மெழுகு ஒத்தடம் கொடுத்தேன். கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்தி நீவினேன். மூன்று நாள். நாலாம் நாள் அவர் வரவில்லை. மாரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க உட்கார்ந்தவரைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. காலிலிருந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. ஆயுசு கெட்டி, பிழைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி தூக்குச்சட்டியில் உரித்த இறால் கொண்டுவந்தார். "நீ தேச்சு வுட்ட மூணு நாளுதாம்மா அந்தாளு ராத்திரில தூங்குனாரு" என்றார். நான் சட்டியை வாங்கிக்கொண்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

நான் தேய்த்ததால்தான் கட்டி நகர்ந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தேய்க்காமலே நகர்ந்தும் இருக்கலாம். என்னை உறுத்துவது வேறு. மூன்று நாள் அந்தக் கால் என் கையில் இருந்தது. ஒரு கேள்வி கேட்கவில்லை, பக்கத்துக் காலோடு ஒப்பிட்டு ஒருமுறை அளக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கால்கள் உங்கள் கையில் இருக்கின்றன.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகளோடு நம் தொழிலும் வீட்டு வாசலுக்குப் போனது. எங்கள் காலத்தில் நோயாளி எங்களைத் தேடி வந்தார். வரமுடிந்தவர் மட்டும்தான் வந்தார். பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்தவரும், இடுப்பெலும்பு உடைந்து மூலையில் முடங்கிய கிழவியும் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. நீங்கள் தினமும் பார்ப்பது அவர்களைத்தான். ஆழ்சிரையில் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகமுள்ளவர்களும் அவர்களேதான். பக்கத்தில் வார்டு டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது, ஸ்கேன் அறையும் கிடையாது. அந்த வாரத்தில் அந்தக் காலைப் பார்க்கும் படித்த கண் உங்களுடையது மட்டும்தான். 2025 செப்டம்பரில் பிசியோக்கள் பெயருக்கு முன் 'டாக்டர்' போடக் கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்து, உடனே திரும்பப் பெறப்பட்டதே, அந்தக் கலாட்டாவில் உங்களில் பலர் கொதித்ததைப் பார்த்தேன். கொதியுங்கள், தப்பில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் என்ன போட்டாலும், அந்தத் திண்ணையில் முதலில் வந்து நிற்கும் மருத்துவக்காரர் நீங்கள்தான். அதை எந்தக் கடிதமும் மாற்றாது.

நம் ஆட்களுக்கு ஆழ்சிரை ரத்த உறைவு வராது, அது வெள்ளைக்காரன் வியாதி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உண்டு. அந்த நினைப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. 32 நாடுகளின் மருத்துவமனைகளில் எடுத்து 2008-இல் லான்செட் இதழில் வெளியான எண்டோர்ஸ் ஆய்வில் இந்தியாவும் இருந்தது. இங்கே ரத்த உறைவு அபாயத்தில் இருந்த உள்நோயாளிகளில் முறையான தடுப்பு கிடைத்தது 100-க்கு 17 பேருக்குத்தான். வார்டிலேயே அந்த நிலை என்றால், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் கதையை நீங்களே யோசியுங்கள். மூட்டு மாற்று ஆப்பரேஷன் முடிந்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து குறைந்தது 10 முதல் 14 நாள், சிலருக்கு 35 நாள் வரைகூடக் கொடுப்பார்கள். ஆபத்து அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். 'ரத்தம் இளக்குற மாத்திரையாம், சாப்பிட்டா தலை சுத்துது' என்று பாதியில் நிறுத்தி, பட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கே தவறுகிறோம் என்று சொல்கிறேன். பழவேற்காட்டில் வீங்கிய கால் ஓர் அதிசயமே இல்லை. ஏரியில் இறங்குகிறவர் காலில் திருக்கை முள் ஏறும், கெளுத்தி குத்தும், கிளிஞ்சல் கிழிக்கும். சேற்றுப்புண்ணில் சீழ் பிடித்து முழங்கால்வரை சிவக்கும். கூடை சுமந்து நின்றே மீன் விற்ற பெண்களின் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். யானைக்கால் இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று ஆளுக்கொரு காரணம் வேறு. வீக்கம் ஒவ்வொன்றுக்கும் இங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. நீங்கள் கேட்கும் முன்பே வீட்டுக்காரர்கள் அதைச் சொல்லிவிடுவார்கள்: "அது போன வருசம் திருக்கை அடிச்ச காலு." அதைக் கேட்டதும் நமக்கும் ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அதைத்தான் நான் சந்தேகிக்கச் சொல்கிறேன்.

வெல்ஸ் மதிப்பெண் உங்களுக்கு மனப்பாடம். கனடாவின் பிலிப் வெல்ஸ் குழு 1997-இல் வெளியிட்டு 2003-இல் திருத்தியது. புற்றுநோய் இருந்தால் ஒன்று. காலில் பக்கவாதமோ தளர்ச்சியோ, அண்மையில் மாவுக்கட்டோ இருந்தால் ஒன்று. 3 நாளுக்குக் குறையாமல் படுக்கை, அல்லது 12 வாரத்துக்குள் மயக்கமருந்தோடு பெரிய ஆப்பரேஷன், ஒன்று. ஆழ்சிரை ஓடும் வழியில் தொட்டால் வலி, முழுக்கால் வீக்கம், கெண்டைக்கால் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் பருத்திருப்பது, அந்தக் காலில் மட்டும் அழுத்தினால் குழி, தோலடியில் புதிதாகப் புடைத்த சிரைகள், முன்பு டி.வி.டி. வந்த வரலாறு, எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. கடைசி வரியில்தான் வினை: இதே அளவு பொருந்தும் வேறு நோய் தெரிந்தால் இரண்டைக் கழி. கூட்டினால் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்த உறைவுக்கு வாய்ப்பிருக்கிறது.

இப்போது ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். மீன் ஏலம் விடும் இடத்தில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தது. ஆப்பரேஷன் ஆகி ஐந்து வாரம். இடது கெண்டைக்கால் வலதைவிட 4 செ.மீ. பருத்திருக்கிறது. அந்தக் காலில் மட்டும் விரல் வைத்தால் குழி விழுகிறது. ஆப்பரேஷனுக்கு ஒன்று, பருமனுக்கு ஒன்று, குழிக்கு ஒன்று, மூன்று. இன்றே ஸ்கேன் எடுக்க வேண்டிய கால். அந்த நேரம் பார்த்து மகன் சொல்கிறான், "அது திருக்கை அடிச்ச காலு சார்." நீங்கள் இரண்டைக் கழிக்கிறீர்கள். மூன்று ஒன்றாகிறது. எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் வருகிறது.

அந்தக் கழித்தலை நீங்கள் செய்யாதீர்கள். இது என் முதல் வேண்டுகோள். முள் குத்திய காலிலும் ரத்தம் உறையும், யானைக்காலிலும் உறையும். ஒரு நோய் இருப்பது இன்னொன்றுக்குக் கதவடைப்பு ஆகாது. சீழ் பிடித்துச் சிவந்த காலையும் ரத்தம் உறைந்த காலையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க அனுபவசாலி டாக்டரே தடுமாறுவார். கழிப்பதா வேண்டாமா என்பதை மருத்துவமனையில் இருப்பவர் முடிவு செய்யட்டும். கழித்த பிறகு ஒன்று என்று வந்தால்கூட 'இல்லை' என்று பொருளில்லை. டி-டைமர் ரத்தப் பரிசோதனை பார்த்தபிறகுதான் அப்படிச் சொல்ல முடியும். அந்தப் பரிசோதனை உங்கள் பையில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நம்மில் பலர் குழப்பிக்கொள்கிறோம். வெல்ஸ் என்பது கால் ஏற்கெனவே வீங்கி, வலித்து, சந்தேகம் வந்தவருக்கு. ஒன்றுமே தெரியாத காலில் கூட்டிப் பார்த்துப் பூஜ்யம் வந்ததென்று சந்தோஷப்படக் கூடாது. 'இவருக்கு வரக்கூடுமா' என்பது ஒரு கேள்வி. 'இவருக்கு வந்துவிட்டதா' என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும், முதல் நாளே, கால் ஒல்லியாக இருக்கும்போதே கேட்க வேண்டும். அமெரிக்க இயன்முறைச் சிகிச்சைச் சங்கம் 2016-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் நோயாளியின் அபாயத்தைக் கணிப்பதை நம் வேலை என்றே சொல்கிறது. டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்கும் வேலையாக அதை வைக்கவில்லை.

கேள்விகள் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் விதம்தான் அங்கே இல்லை. 'உங்களுக்குப் புற்றுநோய் உண்டா' என்று கேட்டால் இந்தக் குப்பங்களில் எந்த வீட்டிலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'கட்டி எடுத்தீங்களா, அடையாறு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தீங்களா' என்று கேளுங்கள். 'படுத்த படுக்கையா' என்றால் கௌரவக் குறைச்சல்; 'வாசலுக்கு எப்ப கடைசியா வந்தீங்க' என்று கேளுங்கள், கணக்கு தானாக வரும். முன்பு காலில் ரத்தக்கட்டி வந்ததா என்றால் தெரியாது என்பார்கள். 'வயித்துல ஊசி போட்டாங்களா, மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையைக் கூட்டிக் குறைச்சாங்களா' என்று கேட்டால் நினைவு வரும்.

பெண்களிடம் கேட்கவேண்டியது இன்னும் இருக்கிறது. கருத்தடை மாத்திரை, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருப்பது, அடுத்தடுத்துக் கரு கலைந்தது. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது, கல்யாணம் காதுகுத்தின்போது, நாள் தள்ளிப்போக மருந்துக்கடையில் வாங்கிப் போடும் மாத்திரை. நாட்கணக்கில் போடும்போது அதுவும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டக்கூடியது. சீட்டில் இருக்காது, மாமியாருக்கு முன்னால் சொல்லவும் மாட்டார்கள். இளைஞனான பிசியோ கேட்டால் வாயே திறக்காது. உங்களோடு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் அந்த ஊர்ப் பெண்தானே, அவரைத் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு நாளில் கிடைக்காத பதில் அவருக்கு ஒரு நிமிஷத்தில் கிடைக்கும்.

தண்ணீர் எவ்வளவு குடிக்கிறார் என்றும் கேளுங்கள். படுக்கையில் இருக்கும் பெண்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். கொல்லைக்குத் தூக்கிப் போகவேண்டுமே, மருமகளுக்குச் சிரமமே என்று. இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். சொம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

அளப்பதைப் பற்றி. நான் சொல்வது தையற்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப், கடையில் இருபது ரூபாய்க்குக் கிடைப்பது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் துருத்திக்கொண்டிருக்கும் மேட்டைத் தொட்டு, அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்றி, சதை பிதுங்காமல், தொய்யாமல் படியுங்கள். முதலில் நல்ல கால். வீங்கியதை முதலில் அளந்தால் நல்ல காலில் நம் கை தன்னையறியாமல் டேப்பைத் தளர்த்தியோ இறுக்கியோ மனசுக்குப் பிடித்த எண்ணைக் கொண்டுவந்துவிடும். என் கை அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பழவேற்காட்டில் இரண்டு காலையும் ஒப்பிடுவது மட்டும் போதாது. இங்கே பலருக்கு இரண்டு காலும் ஒன்றாக இருந்ததே கிடையாது. யானைக்கால்காரருக்கு எப்போதுமே ஐந்து, ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கலாம். அவருடைய காலைப் பக்கத்துக் காலோடு ஒப்பிட்டு என்ன பயன்? அதே காலின் போன மாசத்து அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? யாரிடமும் இல்லை. அதனால்தான் இரண்டாவது வேண்டுகோள்: முதல் நாள் போகும் ஒவ்வொரு வீட்டிலும், வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு கெண்டைக்காலையும் அளந்து, தேதி போட்டு, அவர்கள் மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதுங்கள். உங்கள் பதிவேட்டில் எழுதினால் பதிவேடு உங்களோடு போய்விடும். நீங்கள் மாற்றலாகிப் போவீர்கள், அட்டை வீட்டில் இருக்கும். அடுத்து வருபவர் பார்ப்பார். மீஞ்சூர் ஒன்றியம் முழுக்க இதைச் செய்தால், ஒரு வருஷத்தில் இந்தக் குப்பங்களின் படுக்கை நோயாளி ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு 'நேற்று' இருக்கும். இன்றைக்கு எந்தக் காலுக்கும் அது இல்லை.

பாதத்தை மேல்நோக்கி மடக்கிக் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் ஹோமன்ஸ் சோதனையை விட்டுவிடுங்கள். வைவாவில் கேட்பார்கள் என்பதைத் தவிர அதற்கு இப்போது வேறு பயன் இல்லை. வலித்தாலும் நோய் இருக்காது, வலிக்காமலும் நோய் இருக்கும். அதுபோலவே பக்கவாத நோயாளிக்குத் தொடைவரை இறுக்கும் ஸ்டாக்கிங்ஸ் வாங்கச் சொல்லாதீர்கள். 2009-இல் வெளியான கிளாட்ஸ் ஆய்வில் 2,518 பேரைப் பார்த்தார்கள். போட்டவர்களிலும் போடாதவர்களிலும் 100-க்குப் பத்துப் பேர் அளவில் ரத்தம் உறைந்தது. போட்டவர்களுக்குத் தோல் புண்ணானதுதான் மிச்சம். மீன் விற்ற காசில் வாங்குகிறார்கள் தம்பிகளே, யோசித்துச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டது, என்ன செய்வது? அந்தக் காலைத் தேய்க்க வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், மெஷின் வேண்டாம், வளைத்து நிமிர்த்த வேண்டாம். அன்றே அனுப்ப வேண்டும். இங்கேதான் உங்கள் பொறுமை சோதனைக்கு உள்ளாகும். "நாளைக்கு ஏலம் முடிஞ்சு போறேன்" என்பார்கள். "பாட்டு நாள் வருது, இப்ப போய்ப் படுக்கச் சொல்றியா" என்பார் ஆண். ஏரியில் வலை போடும் முறையான 'பாடு' தன் பக்கம் சுற்றிவருவதற்குக் காத்திருந்தவருக்கு அந்த நாளின் விலை உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அதனால் பயமுறுத்தாதீர்கள், கணக்குச் சொல்லுங்கள். காலில் இருப்பது இன்றைக்கு மாத்திரையிலோ ஊசியிலோ அடங்கும் விஷயம். நெஞ்சுக்கு ஏறினால் பொன்னேரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர், சென்னைக்கு 60 பக்கம், அதற்குள் மூச்சு தாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். கடலோடிகளுக்குத் தூரமும் நேரமும் நன்றாகப் புரியும்.

சீட்டில் 'கால் வீக்கம்' என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பிய சீட்டுக்கு மதிப்பு என்னவென்று எனக்குத் தெரியும்: வெளிநோயாளி வரிசையில் கடைசி இடம், கையில் நீர் பிரியும் மாத்திரை, ராத்திரிக்குள் வீடு. 'டி.வி.டி. சந்தேகம், வெல்ஸ் 3, இடது கெண்டைக்கால் 4 செ.மீ. கூடுதல், இன்றே டாப்ளர் தேவை' என்று எழுதுங்கள். ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், பெரிய எழுத்தில், கையெழுத்துப் போட்டு. எண் இருக்கும் சீட்டை ஒதுக்கி வைக்க யாருக்கும் கை கூசும். டாப்ளர் ஸ்கேன் எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமை, எத்தனை மணிவரை எடுப்பார்கள் என்று இந்த வாரமே விசாரித்து உங்கள் போனில் போட்டு வையுங்கள். நோயாளி வாசலில் நிற்கும்போது விசாரிக்க ஆரம்பித்தால் அன்றைக்கு நடக்காது.

திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்தினால், சளியில் ரத்தம் வந்தால், மயங்கிச் சரிந்தால் எதையும் கூட்டிக் கழிக்க வேண்டாம்; 108-ஐக் கூப்பிடுங்கள். குப்பத்தில் அதற்குப் பெயர் 'கேஸ்', அதாவது வாயு. சோடா வாங்க ஆள் ஓடும். கேஸ் இல்லை என்று அன்றைக்கு வாதாடி நேரத்தை விடாமல், முன்கூட்டியே வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். அதனிடம் சொல்லுங்கள். பெரியவர்கள் மறந்தாலும் அது மறக்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளை முதல் காலையே தொடாமல் வந்துவிடுவீர்களோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அப்படிச் செய்தால் நான் இந்த மடலை எழுதியிருக்கவே வேண்டாம். கெண்டைக்கால் தசை ஒரு பம்பு. நடக்கும்போது அது பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தால் பம்பு நிற்கிறது, ரத்தம் தேங்குகிறது. விர்ச்சோ பெயரால் படித்தோமே, தேக்கம், ரத்தக்குழாயில் அடி, உறையத் துடிக்கும் ரத்தம் என்று மூன்று காரணம், அதில் முதலாவதை உடைக்கும் தொழில் நம்முடையது. ஆப்பரேஷன் முடிந்த பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து திண்ணைக்கும் கொண்டுவாருங்கள். பாதத்தை மணிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ரத்த உறைவு உறுதியாகி மருந்து தொடங்கியவரைக்கூட வாரக்கணக்கில் படுக்க வைக்கும் பழைய பழக்கம் போய்விட்டது. மருந்து வேலை செய்யத் தொடங்கியதும், பல மருந்துகளுக்கு அது சில மணி நேரம்தான், டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்க வைக்கலாம். 'ரத்தக்கட்டி இருக்கு, அசையாதே' என்று வீட்டில் கட்டிப்போட்டிருப்பவர்களை எழுப்பி விடவேண்டியதும் உங்கள் வேலை. என்ன மருந்து, எப்போது தொடங்கியது என்று பார்த்துவிட்டு எழுப்புங்கள்.

மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன், இது கொஞ்சம் கஷ்டம். ஒவ்வொரு குப்பத்திலும் சுளுக்கு எடுப்பவர், நீவி விடுபவர் இருக்கிறார். உங்களுக்கு முன்னாலும் அவர் அந்தக் காலைத் தொட்டிருப்பார், நீங்கள் போன பிறகும் தொடுவார். அவரைப் போலி என்று திட்டிவிட்டு வருவது சுலபம். என்ன நடக்கும்? ஊர் அவர் பக்கம் நிற்கும், உங்களுக்கு டீ கிடைக்காது, அவ்வளவுதான். அவரைத் தேடிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கையை உங்கள் கெண்டைக்காலில் வைக்கச் சொல்லி எங்கே அழுத்துவார் என்று பாருங்கள். கட்டுப் பிரித்த கால், ஆப்பரேஷன் ஆன கால், வாதம் வந்த கால், பிள்ளை பெற்றவள் கால், இந்த நாலும் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் நீவாமல் தன்னார்வலரிடம் அனுப்பச் சொல்லுங்கள். நாலே நாலு. அவர் கை பழகிய கை. ஒரு காலுக்கும் இன்னொரு காலுக்கும் உள்ள சூடு, கனம் எல்லாம் நம்மைவிட அவருக்குச் சீக்கிரம் தெரியும். என் முன் கிடந்த அந்தக் கால் சுட்டதை நான் உணர்ந்தேன், மதிக்கவில்லை. அவர் மதிக்கக்கூடும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமலில்லை. ஒரு ஒன்றியம் முழுக்க அலைகிறீர்கள். மழைக்காலத்தில் சேற்றில் வண்டி இறங்கும். இத்தனை பேருக்குச் சிகிச்சை என்று எண்ணைக் காட்டும்போது கிடைக்கும் மரியாதை, 'இன்று தொடவில்லை, அனுப்பினேன்' என்று எழுதும்போது கிடைக்காது. உங்கள் மேலதிகாரிகளுக்கும் இதன் வழியாகச் சொல்லிக்கொள்கிறேன்: அனுப்பியதையும் சிகிச்சைக் கணக்கில் சேருங்கள். அனுப்பிய பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் பிசியோவைக் கேலி செய்யாதீர்கள். அந்தக் கேலிக்குப் பயந்துதான் பத்தாவது கால் நீவப்படுகிறது.

அடுத்த வாசலில் எண்ணெய்க் கிண்ணம் நீட்டப்படும். வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லி அந்த மருமகளின் முகத்தை வாடவிடாதீர்கள். வாங்கித் திண்ணையில் ஓரமாக வையுங்கள். பையிலிருந்து டேப்பை எடுங்கள். முதலில் நல்ல கால்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்தத் தொழிலில் இருந்த ஓர் அக்கா